தலையில் களிமண்

கணக்கு வாத்தியார்கள் பரம்பரை பரம்பரையாக உபயோகித்து வரும் கேள்வி ஒன்று உண்டு. 'ஏண்டா, தலைல மூளை இருக்கா, களிமண் இருக்கா?' இதைக் கேட்டுக்கொள்ளாமல் பத்தாம் வகுப்பு தாண்டியவர்கள் கையைத் தூக்கலாம். யாரும் தூக்கவில்லை பாருங்கள்!

இந்தத் திட்டு செல்லாத ஊர் ஒன்று இருக்கிறது. விருத்தாசலம். அங்கே போய், 'இவன் தலையில் களிமண்' என்று சொன்னால், 'அப்படியா, எத்தனை டன் தேறும்?' என்று விலை பேச வந்துவிடுவார்கள்.

விருத்தாசலம் கடலூர் ஜில்லாவில் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து திருச்சி போகிற கார்டு லைனில் பெரிய ஜங்ஷன். சேலத்துக்கு ஒரு கிளை, கடலூருக்கு ஒரு கிளை. பாதித் தமிழ்நாடு இந்த ஊரை அப்பர் பெர்த்தில் தூங்கிக்கொண்டே கடந்திருக்கும். இறங்கிப் பார்த்தால் பெரிய கோயில், மணிமுத்தாறு (தண்ணீர் இருக்கிற மாதங்களில் ஆறு), அப்புறம் செராமிக். இருபது சொச்சம் கிலோமீட்டரில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டினபோது கூடவே வந்தது வெள்ளைக் களிமண். மண் பக்கத்தில் இருந்தால் தொழில் வராமல் இருக்குமா? விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை வந்தது. செராமிக்கில் டிப்ளமா சொல்லிக்கொடுக்க அரசாங்கமே ஒரு கல்லூரி வைத்தது. கரன்ட் போனதும் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மெயின் போர்டிலிருந்து பிடுங்கிப் பார்ப்பீர்களே, வெள்ளைப் பீங்கான் ப்யூஸ் கேரியர்? அதுவும், உங்கள் வீட்டுக் கொலுவில் மூன்றாம் படியில் நிற்கிற செட்டியார் பொம்மையும் ஒரே ஊரில் பிறந்த அண்ணன் தம்பிகளாக இருக்க நிறைய வாய்ப்பு.

இந்த வாரம் பேச வந்தது பொம்மையைப் பற்றி அல்ல, நிஜ அண்ணன் தம்பிகளைப் பற்றி.

விருத்தாசலம் பக்கத்தில் எனக்கு ஒரு நண்பர். வயது 32. கிளார்க். பைக், ஹெல்மெட், வீட்டுக் கடன், லேசான தொப்பை என்று நம் வாசகருக்கு உரிய சகல லட்சணங்களும் பொருந்தியவர். அவருக்கு ஒரு தம்பி. வயது 29. தம்பிக்கு ஆட்டிஸம். பேச்சு குறைவு. கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் நாலாவது தடவை கேட்டால். புதுச் சட்டை ஆகாது, காலர் உறுத்தும். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வார்.

ஆட்டிஸம் என்றதும் வருகிற விருந்தாளிகள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: 'ஏதாவது அதிசயம் பண்ணுவாரா? சினிமால வர்ற மாதிரி? தேதி சொன்னா கிழமை?' ஒன்றும் பண்ணமாட்டார். சமையலறையில் டம்ளர்களை உயரவாரியாக அடுக்குவார். யாராவது மாற்றி வைத்தால் திரும்ப அடுக்குவார். விருந்தாளி முகத்தில் லேசான ஏமாற்றம் தெரியும். நாம் மட்டும் என்ன, ஐன்ஸ்டைனாக இருந்துகொண்டா அவரிடம் அதிசயம் கேட்கிறோம்? நமக்கெல்லாம் சாதாரணமாக இருக்க உரிமை உண்டு. அவருக்கு மட்டும் கிடையாதாம்.

18 வயது வரை அவர் ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போனார். காலையில் வேன் வரும், சாயங்காலம் வேன் வரும். 18 முடிந்ததும் வேன் நின்றுவிட்டது. பதினோரு வருஷமாகத் திண்ணை. காலையில் குளித்து, பையை மாட்டிக்கொண்டு, வராத வேனுக்காக ஒரு வருஷம் முழுக்க வாசலில் நின்றிருக்கிறார். அப்புறம் நிற்பதை நிறுத்திவிட்டார்.

நண்பருக்குக் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் வீட்டில் ஒரு குட்டி மாநாடு நடக்கும். பெண் வீட்டார் வருகிற அன்றைக்குத் தம்பியை எங்கே அனுப்புவது? பெண்ணாடத்தில் மாமா வீடு. அங்கே அனுப்பிவிட்டு, இங்கே சொஜ்ஜி, பஜ்ஜி. நாலு தடவை இப்படி. ஐந்தாவது தடவை நண்பர், 'அவன் இங்கேதாம்மா இருப்பான். பார்த்துட்டு வர்றவ வரட்டும்' என்று சொல்லிவிட்டார். அந்தச் சம்பந்தம் வரவில்லை. ஆனால் தம்பி அதற்கப்புறம் பெண்ணாடத்துக்குப் போகவும் இல்லை.

அவருடைய அம்மா என்னிடம் ஒரு தடவை சொன்னார்: "நான் கண்ணை மூடறதுக்கு ஒரு நாள் முன்னாடி இவன் போயிடணும் தம்பி. ஒரே ஒரு நாள் போதும். வேற ஒண்ணும் சாமிகிட்ட கேக்கலை."

பெற்ற தாய் தன் பிள்ளை தனக்கு முன்னால் சாகவேண்டும் என்று கோயிலில் வேண்டிக்கொள்கிறார் என்றால், ஊர் ஏற்பாட்டில் எங்கேயோ பெரிய ஓட்டை என்று அர்த்தம். இதே வேண்டுதலை ஒரு வீட்டில் அல்ல, வேறு வேறு ஊர்களில் வேறு வேறு அம்மாக்களிடம் நானே கேட்டிருக்கிறேன்.

ஆட்டிஸம், டிஸ்லெக்ஸியா, ஏ.டி.ஹெச்.டி. போன்றவற்றை எல்லாம் வியாதி லிஸ்ட்டிலிருந்து எடுத்து, 'மூளைகளில் பல தினுசு உண்டு, அதில் இவை சில' என்று சொல்கிற ஒரு பார்வை 1998 வாக்கில் வந்தது. ஜூடி சிங்கர் என்ற ஆஸ்திரேலிய சமூகவியல்காரர் தன் ஆய்வில் 'நியூரோடைவர்சிட்டி' என்ற வார்த்தையைப் பிடித்துப் போட்டார். தமிழில் 'நரம்பியல் பன்மை' என்று ஆக்கியிருக்கிறார்கள். சரியான மொழிபெயர்ப்புதான், வீட்டில் உபயோகப்படுத்தத்தான் முடியாது. 'எங்க பையனுக்கு நரம்பியல் பன்மை' என்று சொன்னால் எதிர்வீட்டுக்காரர், 'நல்லெண்ணெய் தேய்ச்சா சரியாயிடும்' என்பார். வார்த்தை போகட்டும். எல்லா மூளையும் ஒரே மாடல் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

குழந்தையாக இருக்கும்வரை இந்த மூளைகளுக்கு டாக்டர், தெரபி, ஸ்பெஷல் ஸ்கூல் என்று ஏதோ கொஞ்சம் இருக்கிறது. குழந்தை என்றால் எல்லாருக்கும் பிரியம். அந்தக் குழந்தைக்கு மீசை முளைத்ததும் பிரியம் பயமாக மாறிவிடுகிறது.

விருத்தாசலம் கோயிலில் ஒரு கதை சொல்வார்கள். சுந்தரர் இங்கே பாடி 12,000 பொன் வாங்கினார். அதைத் தூக்கிக்கொண்டு திருவாரூர் போக வழிப்பறி பயம். சிவன், 'ஆற்றில் போடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்' என்றார். இந்த உலகத்தின் முதல் மணியார்டர் இதுதான் என்பது என் கட்சி. மணிமுத்தாற்றில் போட்டார். கமலாலயக் குளத்தில் எடுத்தார். 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடியது போல' என்று பழமொழியே இருக்கிறது.

நாம் பண்ணுவது என்ன? பதினெட்டு வருஷம் பிள்ளையை ஸ்கூல் என்கிற ஆற்றில் போடுகிறோம். ஷூ லேஸ் கட்ட, சில்லறை எண்ண, வரிசையில் நிற்க, எல்லாம் ஒவ்வொரு பொன்னாகச் சேர்க்கிறார்கள் அந்த டீச்சர்கள். அந்தப் பக்கம் எடுப்பதற்குக் குளம்தான் வெட்டவில்லை.

குளம் வெட்டின ஊர் ஒன்றைச் சொல்கிறேன். அதுவும் விருத்தாசலம் மாதிரியே களிமண் ஊர். ஜப்பானில் ஷிகா மாகாணத்தில் ஷிகராகி. நூற்றாண்டுக் கணக்கில் சூளை எரிகிற இடம். தொப்பையும் தொப்பியுமாக ஒரு விலங்கு பொம்மை (தனுகி என்று பெயர், நரிக்கும் நாய்க்கும் நடுவில் ஒரு ஜந்து) ஜப்பான் முழுக்கக் கடை வாசல்களில் நிற்கும். அதற்குப் பிறந்த வீடு ஷிகராகிதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து நாடே மண்ணோடு மண்ணாகக் கிடந்த 1946-ல், இதோகா கஸுவோ என்பவர் இரண்டு வாத்தியார்களோடு சேர்ந்து, போரில் அனாதையான குழந்தைகளுக்கும் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கும் அந்த மாகாணத்தில் ஓர் இல்லம் ஆரம்பித்தார். பெயர் ஓமி ககுயென். சோற்றுக்கே தாளம் போட்ட காலம். அங்கே களிமண் கொடுத்தார்கள். குழந்தைகள் வளர்ந்தார்கள். நமக்கு வருகிற அதே கேள்வி வந்தது: வளர்ந்தபின் என்ன?

கூட இருந்த வாத்தியார்களில் ஒருவரான இகேதா தாரோ, 1952-ல் பெரிய பையன்களைக் கூட்டிக்கொண்டு ஷிகராகிக்கே போய்விட்டார். ஊர் முழுக்கப் பீங்கான் பட்டறை இருக்கும்போது தனியாக மதில் கட்டி ஒரு பட்டறை எதற்கு என்று, பையன்களுக்கு வேலை கற்றுக்கொடுத்து ஊர்ப் பட்டறைகளிலேயே சேர்த்துவிட்டார். ரயிலில் டீ விற்பார்களே, அந்தக் காலத்து ஜப்பானில் அதைச் சின்ன மண் குடுவையில் கொடுப்பார்கள். அந்தக் குடுவைகளை இந்தப் பையன்கள் செய்தார்கள். டீ குடித்த பயணிக்கு அதை யார் செய்தது என்று தெரியாது. அதுதான் அதில் விசேஷம். நன்றாக இருந்தது, வாங்கினார்கள், குடித்தார்கள்.

இதோகாவின் கொள்கையைச் சுருக்கமாகச் சொன்னால் ஒரு வேற்றுமை உருபுதான் வித்தியாசம். 'இந்தக் குழந்தைகளுக்கு வெளிச்சம் கொடுங்கள்' என்று அவர் கேட்கவில்லை. இந்தக் குழந்தைகளே வெளிச்சம், அதை உலகத்துக்குக் காட்டுங்கள் என்றார். நாலாம் வேற்றுமையில் தர்மம் இருக்கிறது. முதல் வேற்றுமையில் மரியாதை இருக்கிறது. (தமிழ் ஐயா இதைப் படித்தால் சந்தோஷப்படுவார்.)

அதே ஷிகா மாகாணத்தில் 1982-ல் பிறந்தவர் ஷினிச்சி ஸவாதா. ஆட்டிஸம். அதிகம் பேசமாட்டார். இவருடைய மையத்தில் காலையில் பேக்கரி வேலை, அப்புறம் களிமண். அவர் செய்கிற உருவங்கள் பூதமா, மிருகமா, முகமூடியா என்று சொல்ல முடியாது. உடம்பு முழுக்க முள் முள்ளாக, ஒவ்வொரு முள்ளும் விரலால் உருட்டி ஒட்டியது. நூற்றுக்கணக்கில் இருக்கும். விறகுச் சூளையில் வெந்து செம்பழுப்பு நிறத்தில் வரும். 2013-ல் அவை வெனிஸ் பினாலேவில் வைக்கப்பட்டன. உலகத்து ஓவியர்களும் சிற்பிகளும் அங்கே ஓரத்தில் ஓர் இடம் கிடைக்காதா என்று தவம் கிடக்கிற கண்காட்சி அது.

அமெரிக்காவில் ஒரு ஜூடித் ஸ்காட். 1943-ல் இரட்டைப் பிறவியாகப் பிறந்தவர். டவுன் சிண்ட்ரோம். காதும் கேட்காது. காது கேட்காததைக்கூட யாரும் கவனிக்கவில்லை, 'ஒன்றும் புரியாது' என்று ஏழு வயதில் ஒரு விடுதியில் சேர்த்துவிட்டார்கள். அப்படியே 35 வருஷம்! இரட்டைச் சகோதரி ஜாய்ஸ் வளர்ந்து, ஆளாகி, போராடி அவரை வெளியே கொண்டுவந்தார். 1987-ல் கலிஃபோர்னியாவில் ஆக்லாந்து நகரத்தில் 'கிரியேட்டிவ் குரோத்' என்ற கலைப் பட்டறையில் சேர்த்தார். 1974-ல் ஒரு தம்பதி ஆரம்பித்த இடம். முதலில் ஜூடித் ஒன்றும் செய்யவில்லை. கிறுக்கினார், சும்மா உட்கார்ந்தார். கிட்டத்தட்ட இரண்டு வருஷம்! நம் ஊராக இருந்தால் முதல் மாசக் கடைசியிலேயே 'உங்க பொண்ணுக்கு இன்ட்ரஸ்ட் இல்லீங்க' என்று அனுப்பியிருப்போம். அவர்கள் அனுப்பவில்லை. ஒரு நாள் நூல் வேலை சொல்லித்தரும் வகுப்பில் ஒரு குச்சியை எடுத்து நூலால் சுற்ற ஆரம்பித்தார். சுற்றினார், சுற்றினார், 2005-ல் சாகிறவரை சுற்றினார். கையில் கிடைத்த பொருளை உள்ளே வைத்து வண்ண நூலால் சுற்றிச் சுற்றி ஆளுயரச் சிற்பங்கள். இன்றைக்கு அவை பெரிய பெரிய மியூசியங்களில் இருக்கின்றன.

பிரிட்டனில் ஓவிய, சிற்ப உலகத்தின் பெரிய பரிசு டர்னர் பரிசு. 2025-ல் அதை வாங்கியவர் நெனா காலு. ஆட்டிஸம் உள்ளவர், பேச்சு மிகக் குறைவு. லண்டனில் 'ஆக்‌ஷன்ஸ்பேஸ்' என்ற அமைப்பின் பட்டறையில் 1999 முதல் வேலை செய்துவந்தவர். கற்றல் குறைபாடு உள்ள ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டறையில் உட்கார ஓர் இடம் கொடுத்ததற்கும் பரிசு மேடைக்கும் நடுவில் 26 வருஷம்.

'சரி சார், எல்லாரும் டர்னர் பரிசு வாங்கிடுவாங்களா?' மாட்டார்கள். ஆர்ட் கிளாஸ் போகிற நம் வீட்டுக் குழந்தைகள் எல்லாரும் ரவிவர்மா ஆகிவிட்டார்களா? பரிசுக்காக இல்லை. காலையில் எழுந்தால் போவதற்கு ஓர் இடம், தன் பெயர் எழுதின ஒரு கொக்கி, தன் டம்ளர், தன் நாற்காலி, தன்னைக் காணோமே என்று கேட்க நாலு பேர். உங்களுக்கும் எனக்கும் ஆபீஸ் கொடுப்பது அதுதானே? சம்பளத்தைப் பற்றி நாம் புலம்புவோம். ஆனால் ரிட்டயரான மறுநாள் காலையில் ஒன்பது மணிக்குப் பெரியவர்கள் வாசலில் நின்று ரோட்டைப் பார்ப்பது எதற்காக என்று யோசியுங்கள்.

நண்பரின் தம்பியை ஒரு சனிக்கிழமை செராமிக் ஷெட் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நண்பருக்குத் தெரிந்தவருடையது. பீங்கான் வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். களிமண்ணை நீர்விட்டு மோர்க்குழம்பு பதத்துக்குக் கரைக்கிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள் ஓரத்தில் தோசை மாதிரி மண் படிகிறது. மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, இறுகினதும் அச்சைப் பிரித்தால் உள்ளே பிள்ளையார். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் அவர் உடம்பில் ஒரு கோடு இருக்கும். அதைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். காயவைத்து ஒரு தடவை சூளை. கிளேஸ் தோய்த்து இன்னொரு தடவை. அசல் போர்சலின் என்றால் 1,200 டிகிரிக்கு மேலே போகவேண்டும்.

இத்தனை படிகளிலும் அவசரம் கூடாது. ஒரே மாதிரி செய்ய வேண்டும். மண்ணில் காற்றுக் குமிழி இருந்தால் பொருள் பழுதாகும். ஈரம் இருந்தால் சூளையில் வெடிக்கும். பிள்ளையார் முதுகைத் துடைக்க நம் ஆபீஸ் ஆளை உட்காரவைத்தால் இருபதாவது பிள்ளையாரில் டீ குடிக்கப் போய்விடுவான், அறுபதாவது பிள்ளையாரில் யூனியன் ஆரம்பித்துவிடுவான்.

தம்பி முதலில் உள்ளேயே வரவில்லை. வாசலில் கால் மணி நேரம். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அப்புறம் வந்தார். ஈர மண்ணைத் தொட்டதும் கையை உதறினார். பிடிக்கவில்லை. முகம் மாறிவிட்டது. நண்பர், 'போயிடலாம் சார்' என்றார். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஓர் அம்மா, 'அது காயாத மண்ணு கண்ணு, வழவழங்கும். இதைத் தொடு' என்று கொஞ்சம் காய்ந்த ஓர் அகல் விளக்கையும் ஸ்பாஞ்சையும் நீட்டினார். ஒன்றும் விளக்கவில்லை. தானே ஒரு விளக்கை எடுத்து ஓரத்தைத் துடைத்துக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். பி.எட். படிக்காத அந்த அம்மாவிடம் எந்த ஸ்பெஷல் எஜுகேட்டரும் பாடம் கேட்கலாம்.

தம்பி அன்றைக்குப் பதினோரு விளக்குகளைத் துடைத்தார். பன்னிரண்டாவது எடுக்கும்போது யாரோ மோட்டாரைப் போட, காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அதிசயம் ஏதும் இல்லை. ஆனால் அந்தப் பதினோரு விளக்குகளும் சின்னது முதல் பெரியது வரை வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே அச்சு. எங்கள் கண்ணுக்கு ஒரே அளவு. ஷெட்காரர் குனிந்து பார்த்து, 'ஆமாங்க, அச்சு தேய்ஞ்சிருக்கு. நான் கவனிக்கலை' என்றார்.

அந்த மோட்டார் விஷயத்தில்தான் பட்டறையின் முழுப் பாடமும் இருக்கிறது. நரம்பியல் வேறுபாடு உள்ளவர்களுக்குப் பட்டறை போடுவதென்றால் நாலு மேஜை, ஒரு திறப்பு விழா என்று நினைக்கிறார்கள். வேண்டியது வேறு. சத்தமான மெஷினைத் தனி அறையில் வைக்க வேண்டும். போடுவதற்கு முன் சொல்ல வேண்டும். அன்றைய வேலை என்னென்ன, எதற்கப்புறம் எது என்று படம் போட்டு மாட்டவேண்டும். படபடப்பு வந்தால் போய் உட்கார ஓர் அமைதியான மூலை வேண்டும். ஈர மண் ஆகாதவருக்கு வர்ணம், வர்ணம் ஆகாதவருக்குப் பொருளைப் பொறுக்கி அடுக்குவது, அதுவும் ஆகாதவருக்குப் பெட்டி கட்டுவது என்று வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். ஒருவருக்குப் பிடித்தது அடுத்தவருக்கு ஆகாது. எல்லா ஆட்டிஸக்காரருக்கும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யப் பிடிக்கும் என்பதும் கட்டுக்கதைதான். போரடித்தால் அவருக்கும் போர்தான்.

உடம்பையும் பார்க்கவேண்டும். காய்ந்த களிமண் தூசியில் சிலிகா இருக்கிறது. மூச்சில் போய் நுரையீரலில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத்துணிதான். சாப்பிடுகிற பாத்திரத்துக்கு ஈயம் கலக்காத கிளேஸ்தான். சூளைக்குப் பக்கத்தில் பழகின ஆள் ஒருவர் எப்போதும் நிற்கவேண்டும்.

நம்மூரில் இப்படி யாருமே யோசிக்கவில்லை என்று சொன்னால் பாவம். சென்னையில் பூனம் நடராஜன் 1985-ல் ஆரம்பித்த 'வித்யாசாகர்', பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளோடு தொடங்கி, அவர்கள் வளர்ந்தபின் என்ன என்ற கேள்வியையும் கையில் எடுத்தது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005-ல் வந்தது. திண்டிவனம் பக்கம் குணமங்கலத்தில் கார்த்திகேயன் என்பவர் 2013-ல் தொடங்கிய 'சிருஷ்டி' அமைப்பு ஒரு கிராமத்தையே உருவாக்கியது. மனவளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்கள் விவசாயம் பார்த்துக்கொண்டு சேர்ந்து வாழ்கிற இடம். விருத்தாசலத்திலிருந்து கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

சட்டமும் இருக்கிறது. 1995 சட்டத்தில் ஊனம் என்பது ஏழு வகை, ஆட்டிஸம் அதில் கிடையாது. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்து ஆட்டிஸத்தையும் சேர்த்துக்கொண்டது. 18 வயதுக்கு மேல் சட்டப்படி காப்பாளர் நியமிக்க, கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் கமிட்டி உண்டு. 'நிராமயா' என்ற மருத்துவ இன்ஷூரன்ஸ் உண்டு. 2016 சட்டம் ஏழை இருபத்தொன்று ஆக்கியது. அரசு வேலையில் 4 சதவிகித ஒதுக்கீடு. அதில் ஒரு சதவிகிதம் ஆட்டிஸம், கற்றல் குறைபாடு, மனநோய் போன்றவர்கள் எல்லாருக்கும் சேர்த்து. இதெல்லாம் தெரியாமலேயே எத்தனையோ அம்மாக்கள் கோயிலுக்குப் போய் அந்த வேண்டுதலை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளி நல அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். முதலில் அவரிடம் போகச் சொல்லுங்கள், சாமி அப்புறம்.

ஆனால் சட்டம் பட்டறை போடாது. ஆள்தான் போடவேண்டும். நம்மிடம் இன்னொரு கெட்ட பழக்கம். ஊனமுற்றவருக்குத் தொழில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மெழுகுவத்தி, பேப்பர் கவர், பினாயில். இந்த மூன்றையும் யார் ஒதுக்கினார்கள்? அந்த ஊரில் என்ன இருக்கிறதோ அதைக் கொடுக்கலாமே. காஞ்சிபுரமா, நூல். பண்ருட்டியா, முந்திரி. விருத்தாசலமா, இருக்கவே இருக்கிறது மண். அச்சு இருக்கிறது, சூளை இருக்கிறது, செராமிக் டிப்ளமா படித்த பையன்கள் இருக்கிறார்கள், வெளியூருக்கு அனுப்ப ஜங்ஷன் இருக்கிறது. வாரத்தில் இரண்டு மத்தியானம், ஏதாவது ஒரு ஷெட்டில் ஒரு மூலை, ஐந்தாறு பேர். ஆரம்பிக்க அது போதும். கிரியேட்டிவ் குரோத்தைத் தொடங்கின தம்பதிகூட முதலில் தங்கள் வீட்டுக் கார் ஷெட்டில்தான் ஆரம்பித்தார்கள்.

நீங்கள் என்ன பண்ணலாம் என்றால், பணம் கேட்கமாட்டேன், பயப்படாதீர்கள். உங்களுக்கு டாலி தெரியுமா? பட்டறைக்குக் கணக்கு எழுதிக்கொடுங்கள். போட்டோ எடுப்பீர்களா? பொருளைப் படம் பிடித்துக் கொடுங்கள். ஒன்றும் தெரியாதா? சனிக்கிழமை மத்தியானம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் நாலு விளக்குத் துடையுங்கள். உங்கள் ஆபீஸிலேயே ஒருவர் இருப்பார். பேனாக்களை நேராக அடுக்குபவர், டீ கோஷ்டியில் சேராதவர், சத்தம் போட்டால் வெளியே போய்விடுபவர். நாற்பது வயதுவரை எந்த டாக்டரும் அவருக்கு ஒரு பெயர் சொல்லியிருக்க மாட்டார். 'மென்டல்' என்று அவருக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயரை இந்த வாரத்தோடு எடுத்துவிடலாம்.

கல்யாணமாகாத வாலிபர்களுக்குத் தனியாக ஒன்று. பெண் பார்க்கப் போகிற வீட்டில் ஓர் உள் அறைக் கதவு சாத்தியிருந்தால், உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் வந்து, அவர்கள் முகம் வெளுத்தால், பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு, 'அவரையும் கூப்பிடுங்களேன், பார்க்கணும்' என்று கேளுங்கள். அந்தப் பெண் உங்களை ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

வாங்குகிற பக்கமும் ஒரு வார்த்தை. இப்படிப் பட்டறைகளில் செய்த பொருளை 'ஐயோ பாவம்' என்று வாங்காதீர்கள். பாவப்பட்டு வாங்கினது அடுத்த வாரம் பரணுக்குப் போய்விடும், அடுத்த வருஷம் நீங்கள் அந்தக் கடைப்பக்கமே போகமாட்டீர்கள். தட்டிப் பாருங்கள், கீறல் இருக்கிறதா பாருங்கள், கோணலாக இருந்தால் வேறு கேளுங்கள். சுந்தரர் கதையில்கூட, குளத்திலிருந்து எடுத்த பொன்னைத் திருவாரூரில் பிள்ளையார் உரைத்துத்தான் பார்த்தார். சிவன் கொடுத்ததாயிற்றே என்று சும்மா விடவில்லை. முதலில் மாற்றுக் குறைந்தது. சுந்தரர் திரும்பப் பாடினார், சரியாயிற்று. உரைத்துப் பார்ப்பது அவமரியாதை இல்லை, அதுதான் மரியாதை. நன்றாக இருந்தால் முழு விலை கொடுங்கள், பேரம் பேசாமல். 

நண்பரின் தம்பி இப்போது சனிக்கிழமைகளில் அந்த ஷெட்டுக்குப் போகிறார். மோட்டார் போடுவதற்கு முன் அந்த அம்மா விரலைத் தூக்கிக் காட்டுகிறார், இவர் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறார், சத்தம் நின்றதும் வருகிறார். துடைக்கிற விளக்குக்கு இத்தனை பைசா என்று கணக்கு. போன மாதம் வந்த பணத்தில் அவரே கடைக்குப் போய் ஆறு டம்ளர் வாங்கி வந்திருக்கிறார். ஆறும் ஆறு உயரம்!